பங்கு பிரித்தவர் யார்?

"ஷியாவும் சன்னியும் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக அடித்துக்கொள்பவர்கள், அமெரிக்கா என்ன செய்யும்?" என்று ஈராக் குறித்துக் கைகழுவுவோர் இன்றும் உளர். பகை பழையதே. சதாமும் அதை வளர்த்தவர்தாம். ஆயின், அதனையே பதவிப் பங்கீட்டின் அளவுகோலாக்கியவர் யார்? 2003 ஜூலையில் ஆக்கிரமிப்பு நிர்வாகி பால் பிரெமர் அமைத்த ஆளும் குழுவில் 25 இடங்கள்: ஷியா 13, சன்னி அரபியர் 5, குர்துகள் 5, துருக்மானியர் 1, அசிரியக் கிறித்தவர் 1. பொதுவுடைமைக் கட்சிச் செயலாளர் ஹமீத் மஜீத் மூசாவும் ஷியாக் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டார்! (மார்க்சுக்கே மதச் சான்றிதழ்.) அதற்கு இரு மாதம் முன்பே ஈராக்கிய ராணுவத்தைக் கலைத்து, லட்சக்கணக்கானோரைப் பிழைப்பின்றித் தெருவில் விட்டாயிற்று. காவலற்ற ஊரில் மனிதன் தன் பிரிவின் ஆயுதக் குழுவிடம்தானே ஓடுவான்? 2006 பிப்ரவரியில் சமாராவின் பொற்குவிமாடம் தகர்க்கப்பட்டபின், பாக்தாதில் அடையாள அட்டையில் 'உமர்' என்றிருப்பதே உயிருக்கு உலையாயிற்று. 2007இல் அமெரிக்கப் படை சன்னிகள் வாழும் அதாமியாவைச் சுற்றிக் கான்கிரீட் சுவர் எழுப்பியது, பாதுகாப்புக்காம்.