மழலையின் இலக்கணம்

“தம்பி அழுந்தவன்” என்று முறையிட்டவாறு ஓடிவந்தாள் என் மூன்று வயதுப் பேர்த்தி. “அழுதவன் எண்டு சொல்லு பிள்ளை” என்று திருத்தினாள் என் மகள். “ஓம், அழுந்தவன்” என்றது குழந்தை. வீட்டார் சிரித்தனர். நான் சிந்திக்கலானேன்.

இச்சொல்லை அவளுக்குக் கற்பித்தவர் யாவர்? எம் வீட்டில் எவரும் அவ்வாறு சொல்வதில்லை, அயலிலும் கேட்டறியேன். பிறர் பேச்சைக் கிளிபோல் ஒப்புவித்தே குழந்தை மொழி கற்கின்றது என்போர் இதற்கு விடை கூறுதல் வேண்டும். ‘விழு’ என்பது ‘விழுந்தவன்’ ஆவதையும், ‘எழு’ என்பது ‘எழுந்தவன்’ ஆவதையும் அவள் கேட்டிருக்கிறாள். அவ்வழியே ‘அழு’வையும் நடத்திவிட்டாள். அழு, உழு, தொழு என்பன வேறு வழிச் செல்வன என்பதை இன்னும் அறியாள், அவ்வளவே. பகுபத உறுப்பிலக்கணத்துக்கு அஞ்சும் நம் மாணவர் இதனைக் கவனிப்பாராக!

1958 இல் அமெரிக்க ஆய்வாளர் ஜீன் பெர்க்கோ, உலகில் இல்லாத ஓர் உயிரின் படத்தைச் சிறுவர்க்குக் காட்டி, அதற்கு ‘வக்’ என்று பெயரிட்டார். அப்படத்தில் இரண்டைக் காட்டியபோது, முன்பின் கேட்டிராத அச்சொல்லுக்கும் பெரும்பாலான சிறுவர் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்துக் கூறினர். கேட்டதைத் திருப்பிச் சொல்பவரால் இது இயலுமா?

இதனை நான் காலம் தாழ்த்தியே உணர்ந்தேன். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில், கீழ்வகுப்புச் சிறுவன் ஒருவன் தன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி ஆவலோடு சொல்லத் தொடங்கினான். இத்தகைய வழு ஒன்று அவன் வாயில் வந்தது. வகுப்பார் முன்னிலையில் திருத்தினேன், பிள்ளைகள் நகைத்தனர். அவ்வாண்டு முடியும்வரை அவன் தானாக என்னிடம் எதுவும் சொல்ல வரவில்லை. ஆட்டுக்குட்டிக்கு என்ன நேர்ந்தது என்பதை இன்றுவரை நான் அறியேன்.

இவ்வழுக்களைக் கடிந்து களைய வேண்டியதில்லை. பெரியோருடன் உரையாடி, வழக்கிலுள்ள வடிவத்தைப் பன்முறை கேட்கும் பிள்ளை காலப்போக்கில் தானே அதனை மேற்கொள்ளும். ஆயின் உரையாட ஆள் வேண்டுமே! சியாட்டில் நகரில் பட்ரீசியா கூல் என்பாரும் குழுவினரும் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளிடையே நடத்திய ஆய்வு 2003 இல் வெளிவந்தது. சீன மொழி பேசுவோர் நேரில் விளையாடிப் பேசியபோது, குழந்தைகள் அம்மொழியின் ஒலி வேறுபாட்டை உணரக் கற்றனர். அத்தகைய பேச்சைத் திரையில் மட்டும் கண்ட குழந்தைகளிடம் அப்பயன் காணப்படவில்லை. கைத்தொலைபேசியைப் பிள்ளையின் முன் நிறுத்திவிட்டுச் சோறூட்டும் நம்மவர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊட்டும்போது ஒரு காக்கையைக் காட்டிப் பேசினாலும் போதுமே.

அன்று மாலை பேர்த்தியை மடியிலிருத்தி, “தம்பி ஏன் அழுதவன்?” என்று கேட்டேன்.

“விழுந்தவன் அம்மப்பா. அதுதான் அழுந்தவன்” என்றாள்.