வந்தவரும் போனவர்களும்

2022 டிசம்பர் 3-ந் தேதி அமெரிக்காவில் ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் வேலை மாறினார். ஒருவர் ஓர் உத்தியோகத்தை விட்டு இன்னோர் உத்தியோகத்துக்குப் போவதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்கலாம். ஆனால் அந்த நியமனம் கிளப்பிய புழுதி கொஞ்ச நஞ்சமல்ல. துரோகம் செய்துவிட்டார் என்றது ஒரு கட்சி. விடிவுகாலம் பிறந்தது என்றது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் ஒரே ஒரு மனிதரைப் பற்றித்தான் பேசின. அந்த நியமனத்தால் உண்மையில் இடம் இழந்தவர்கள் வேறு சிலர். அவர்களுக்காகப் பேசியவர்கள் சொற்பம்.

அங்கே ‘புட்பால்’ என்றால் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுந்து மோதும் ஆட்டம். கல்லூரிப் பையன்கள் ஆடுவதுதானே என்று இளப்பமாக நினைக்கக் கூடாது. ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடிய கல்லூரி மைதானங்கள் அங்கே உண்டு. பல மாநிலங்களில் அரசாங்கச் சம்பளப் பட்டியலில் முதலிடம் கவர்னருக்கு அல்ல. அரசாங்கப் பல்கலைக் கழகத்தின் புட்பால் தலைமைப் பயிற்சியாளருக்குத்தான்.

வேலை மாறியவர் டியான் சாண்டர்ஸ். புட்பால், பேஸ்பால் இரண்டிலும் தொழில்முறை ஆட்டக்காரராக இருந்தவர். ஆடை, ஆபரணம், பேச்சு எல்லாவற்றிலும் ஆடம்பரம். 2020 செப்டம்பரில் இவர் மிஸிஸிப்பி மாநிலத் தலைநகரில் உள்ள ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக் கழகத்துக்குப் பயிற்சியாளராக வந்தார். கடவுளே தம்மை அங்கே அழைத்ததாகச் சொன்னார். அந்தப் பேச்சுதான் பிற்பாடு அவருக்கே வினையாகியது.

ஜாக்சன் ஸ்டேட் சாதாரணக் கல்லூரி அல்ல. 1877-ல் கறுப்பின மக்களுக்காகத் தோன்றியது. தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக் கழகங்கள் கறுப்பர்களைப் படியேற விடாத காலத்தில், அந்த இனத்தின் அறிவாளிகளும் ஆட்டக்காரர்களும் இத்தகைய கல்லூரிகளிலிருந்துதான் வந்தார்கள். புகழ் பெற்ற வால்ட்டர் பேட்டன் ஜாக்சன் ஸ்டேட்டில் ஆடியவர். பிறகு பெரிய பல்கலைக் கழகங்கள் கதவைத் திறந்தன. திறந்தது நியாயம்தான். ஆனால் திறந்த வேகத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் பணம் உள்ள இடத்துக்குப் போய்விட்டார்கள். கஷ்ட காலத்தில் ஆதரித்த கல்லூரிகள் காலியாயின.

அந்த ஓட்டத்தைத் திருப்பிக் காட்டியவர் சாண்டர்ஸ். நாட்டிலேயே முதலிடத்தில் வைத்து எண்ணப்பட்ட டிராவிஸ் ஹண்டர் என்ற பையன், 2021 டிசம்பரில், பெரிய பல்கலைக் கழகம் ஒன்றுக்குக் கொடுத்திருந்த வாக்கை மாற்றிக்கொண்டு ஜாக்சன் ஸ்டேட்டில் சேர்ந்தான். 2021, 2022 இரண்டு ஆண்டும் அந்த வட்டாரச் சாம்பியன் பட்டம் கிடைத்தது. ஆட்டக்காரர்களுக்கான கட்டட வேலை முடியாமல் கிடந்தபோது, தம் சம்பளத்தில் பாதியைத் தருவதாகச் சாண்டர்ஸ் முன்வந்தார். 2022 ஆகஸ்டில் ஜாக்சன் நகரமே குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. அப்போது தம் பையன்களுக்குத் தங்க இடமும் தண்ணீரும் தேடி அலைந்தவரும் அவர்தான். இதையெல்லாம் மறைத்துவிட்டு அவரைத் தூற்றுவது நேர்மையாகாது.

அப்படிப்பட்டவர்தான், வட்டாரச் சாம்பியன் பட்டத்தை வென்ற அதே நாளில், தாம் கொலராடோ பல்கலைக் கழகத்துக்குப் போவதாகத் தம் ஆட்டக்காரர்களிடம் சொன்னார். ஜாக்சனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3 லட்சம் டாலர் சம்பளம். கொலராடோவில் ஐந்து ஆண்டுகளுக்கு 2 கோடியே 95 லட்சம் டாலர். இத்தனைக்கும் கொலராடோ அணி அந்த ஆண்டு ஆடிய 12 ஆட்டங்களில் ஜெயித்தது ஒன்றே ஒன்று. பேசிய பணம் இன்னும் கையில் இல்லை, வந்துவிடும் என்று அந்தப் பல்கலைக் கழகத்தின் விளையாட்டு இயக்குநரே நிருபர்களிடம் சொன்னார். கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள் போலும்!

துரோகம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது அப்போதுதான். அது நிற்குமா?

கூடுதல் சம்பளத்துக்காக ஊர் மாறுகிறவனைத் துரோகி என்று சொல்ல ஆரம்பித்தால், பிழைப்புக்காக மாநிலம் விட்டு மாநிலம் வந்த லட்சக்கணக்கானவர்களுக்கும் அந்தப் பெயரைத்தான் சூட்ட வேண்டும். சொந்த ஊரில் கிடைக்காத கூலி வெளியூரில் கிடைத்தால் மனிதன் போகத்தான் செய்வான். பெரிய பல்கலைக் கழகங்களில் கறுப்பினத்தவர் தலைமைப் பயிற்சியாளராவது இன்றுவரை அபூர்வம். அந்த வாசல் ஒருவருக்குத் திறக்கும்போது, உள்ளே போகாதே என்று தடுப்பதில் நியாயம் இல்லை. ‘பயிற்சியாளர் தொழிலில் ஒன்று மேலே ஏற்றுவார்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்புவார்கள்’ என்று ஜாக்சன் பையன்களிடம் அவர் சொன்னதும் வாஸ்தவமே. ஒரே ஒரு குறை சொல்லலாம். சம்பளத்துக்கு வந்தேன் என்று வருகிறவன் சம்பளத்துக்காகப் போனால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. தெய்வ கட்டளை என்று சொல்லி வந்தவர் மூன்றாம் ஆண்டே பெட்டியைக் கட்டினால் நம்பியவர்களுக்கு வயிறு எரியாதா?

அந்த மனக்கஷ்டத்திலிருந்து ஜாக்சன் ஸ்டேட் சீக்கிரமே எழுந்துவிட்டது. அதே கல்லூரியில் முன்பு ஆடிய டி.சி. டெய்லரைப் பயிற்சியாளராக்கினார்கள். 2024-ல் வட்டாரப் பட்டமும், டிசம்பரில் அட்லாண்டாவில் நடந்த பெரிய ஆட்டத்தில் தெற்குக் கரோலினா ஸ்டேட் அணிக்கு எதிராக 28-7 என்ற வெற்றியும் கிடைத்தன. அந்தப் பெரிய ஆட்டத்தில் சாண்டர்ஸ் இருந்தபோது 2021, 2022 இரண்டு தடவையும் ஜாக்சன் தோற்றிருந்தது. வீட்டுப் பிள்ளையின் அருமை எப்போதுமே தாமதமாகத்தான் தெரிகிறது.

உண்மையான அநியாயம் கொலராடோவில் நடந்தது. சாண்டர்ஸ் அங்கே போய் முதல் கூட்டத்தில் பழைய ஆட்டக்காரர்களை உட்கார வைத்துப் பேசினார். தாம் வெறுங்கையோடு வரவில்லை, தம் பெட்டிகளோடு வருவதாகவும், அவை ‘லூயி விட்டான்’ பெட்டிகள் என்றும் சொன்னார். அது பணக்காரர்கள் தூக்கும் பெட்டி. கூட அழைத்து வரப்போகும் ஆட்டக்காரர்களைத்தான் அப்படிக் குறிப்பிட்டார். உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சொன்ன யோசனை, மாற்றல் பதிவேட்டில் பெயரைக் கொடுத்துவிட்டு வேறு கல்லூரி பாருங்கள் என்பது. அந்தக் கூட்டத்தைப் படம் பிடித்து உலகமே பார்க்கும்படி வெளியிட்டார்கள். அந்தப் பையன்களின் தாய் தகப்பனும் அதைப் பார்த்திருப்பார்கள்.

ஊரில் ஒரே உற்சாகம். ஆண்டு முழுவதற்குமான டிக்கட்டுகள் முன்னதாகவே தீர்ந்தன. 2023 ஏப்ரலில் நடந்த வெறும் ஒத்திகை ஆட்டத்துக்கே 47 ஆயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அந்தக் கைதட்டல் ஓய்ந்த சில நாட்களுக்குள் கூட்டம் கூட்டமாகப் பையன்கள் வெளியேறினார்கள். மொத்தத்தில் போனவர்கள் 50 பேருக்கு மேல். தாமாகப் போனவர்கள் எத்தனை பேர், போகச் சொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் என்ற வாதம் ஓயவில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக் கழகப் பயிற்சியாளர் பாட் நார்டூஸி இந்த முறையை வெளிப்படையாகவே கண்டித்தார். ஆனால் விதி சாண்டர்ஸ் பக்கம்தான் இருந்தது. புதிதாக வரும் தலைமைப் பயிற்சியாளர் முதல் ஆண்டில் வேண்டாத ஆட்டக்காரர்களை அணியிலிருந்து விலக்கலாம். கல்லூரியிலேயே தங்கிப் படித்தால் உபகாரச் சம்பளத்தை மட்டும் நிறுத்தக் கூடாது என்பது அப்போதைய விதி.

ஓர் ஆபீசுக்குப் புதிய மேலதிகாரி வந்தால் மேஜையைத் திருப்பிப் போடுவார், நாற்காலியை மாற்றுவார். இருக்கிற குமாஸ்தாக்களில் பாதிப் பேரை, என் ஆட்கள் வருகிறார்கள், நீங்கள் கிளம்புங்கள் என்று சொல்ல முடியுமா? பத்தொன்பது வயதுப் பையனிடம் மட்டும் சொல்லலாம் என்றால், அவனுக்குச் சங்கம் இல்லை, சர்வீஸ் விதி இல்லை என்பதுதான் காரணம். பயிற்சியாளர் போனால் உயர்வு; பையன் போனால், தகுதி இல்லாதவன் ஒழிந்தான் என்ற பேச்சு.

பலனைப் பார் என்கிறார்கள் அவர் பக்கத்தவர்கள். பார்க்கலாம். 2023-ல் நான்கு வெற்றி, எட்டுத் தோல்வி. 2024-ல் ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி. ஜாக்சனிலிருந்து கூடவே வந்த ஹண்டருக்கு அந்த ஆண்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் பரிசு. 2025 மார்ச்சில் புதிய ஒப்பந்தம், ஐந்து ஆண்டுகளுக்கு 5 கோடியே 40 லட்சம் டாலர். ஹண்டரும், அணியை நடத்திய சாண்டர்ஸின் மகனும் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். 2025 பருவத்தில் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. தோல்வி வந்துவிட்டது என்பதற்காக இந்த முறையைக் குறை சொல்வதும் சரியல்ல. பன்னிரண்டும் ஜெயித்திருந்தாலும், அன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்த பையன்களுக்கு நடந்தது நடந்ததுதான்.

இப்போது கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் ஒரு கோர்ட்டு சமரசம் அங்கீகரிக்கப்பட்டது. அதோடு ஒரு புட்பால் அணியில் 105 பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பும் வந்தது. அந்த வரம்பைக் காட்டிப் பல கல்லூரிகள் ஆட்டக்காரர்களைக் கழிக்கத் தொடங்கியபோது, கிளாடியா வில்கன் என்ற நீதிபதி, ஏற்கெனவே இருக்கும் பையன்களுக்கு வழி செய்யாமல் சமரசத்தை அங்கீகரிக்க முடியாது என்று நிறுத்தி வைத்தார். பிறகு வக்கீல்கள் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தார்கள். அதன்படி, வரம்பு காரணமாகக் கழிக்கப்பட்டவர்களை, 105 என்ற கணக்கில் சேர்க்காமலே கல்லூரிகள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், விரும்பினால்.