9 வெற்றி, சாம்பியன் பட்டம்... ஆனால் ஓட்ட கார் இல்லை: அமெரிக்க ஜூனியர் ரேஸிங்கின் 2018 சீசன் காட்டும் கணக்கு

அமெரிக்காவில் 2018-இல் நடந்த இண்டி லைட்ஸ் கார் பந்தயத் தொடரில் மொத்தம் 17 பந்தயங்கள். அதில் 9-ஐ ஜெயித்தவர் மெக்சிகோவின் மான்டெர்ரே நகரைச் சேர்ந்த 19 வயது பட்ரிசியோ ஓ'வார்ட். செப்டம்பரில் சாம்பியன் பட்டம் வாங்கினார். அடுத்த பிப்ரவரியில் அவர் கையில் அணி இல்லை. 4 வெற்றியுடன் இரண்டாவதாக வந்த கோல்ட்டன் ஹெர்ட்டாவுக்கோ முழு சீசனுக்கும் கார் இருந்தது.

'பாவம், அவருக்கு நேரம் சரியில்லை' என்று இதைக் கடந்துபோய்விடலாம். ஆனால் எண்களை அடுக்கிப் பார்த்தால், நேரத்துக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்று தெரியும்.

இண்டி லைட்ஸ் என்றால் என்ன?

ஃபார்முலா 1 காரைப் பார்த்திருப்பீர்கள். ஒரே இருக்கை, வெளியே தெரியும் நான்கு சக்கரங்கள். இதே வகைக் கார்களுக்கு அமெரிக்காவில் உள்ள உச்சப் போட்டி இண்டிகார். புகழ்பெற்ற இண்டியானாபோலிஸ் 500 பந்தயம் இதில்தான் வருகிறது.

அங்கே போக மூன்று படிகள். 2018-இல் அவற்றின் பெயர்கள்: யுஎஸ்எஃப்2000, புரோ மஸ்டா, இண்டி லைட்ஸ். ஒவ்வொரு படியிலும் சாம்பியனுக்கு அடுத்த படிக்கான உதவித்தொகை உண்டு. கடைசிப் படியான இண்டி லைட்ஸில் எல்லோருக்கும் ஒரே டல்லாரா கார், ஒரே எஞ்சின், ஒரே டயர். அணிக்கு அணி வேலைத்திறன் மாறும் என்றாலும், 'அவன் கார் வேகமானது' என்று சொல்லித் தப்பிப்பது இங்கே கஷ்டம்.

காசு யார் கொடுக்கிறார்கள்?

கிரிக்கெட்டோடு ஒப்பிட்டால் இது சட்டென்று புரியும். ரஞ்சிக் கோப்பையில் ஆடும் வீரருக்கு வாரியம் சம்பளம் தருகிறது. ஜூனியர் ரேஸிங்கில் பெரும்பாலும் இது தலைகீழ். டிரைவர்தான் அணிக்குப் பணம் கொண்டுவர வேண்டும். குடும்பச் சொத்தோ, ஸ்பான்சரோ, உதவித்தொகையோ, எங்கிருந்தாவது வர வேண்டும்.

இண்டி லைட்ஸில் ஒரு சீசனுக்குச் சுமார் 10 லட்சம் டாலர் ஆகும். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 7 கோடி ரூபாய். இண்டிகாரில் முழு சீசன் ஓட்டுவதற்கு இதைப்போலப் பல மடங்கு. அதனால்தான் 2018 தொடரில் ஒரு பந்தயத்துக்கு ஏழு, எட்டு கார்கள்தான் நின்றன.

பரிசு எவ்வளவு?

சாம்பியனுக்கான உதவித்தொகையின் மதிப்பு 10 லட்சம் டாலருக்கு மேல். கேட்க பெரிய தொகைதான். ஆனால் அது உறுதி செய்தது குறைந்தது 3 இண்டிகார் பந்தயங்களை மட்டுமே. அதில் ஒன்று இண்டி 500. 2019 இண்டிகார் சீசனில் மொத்தம் 17 பந்தயங்கள். மீதி 14-க்கு? அது உங்க பாடு. இந்த இடைவெளியில்தான் ஓ'வார்ட் விழுந்தார்.

2019 பிப்ரவரியில் என்ன நடந்தது?

2018 செப்டம்பரில், சோனோமாவில் நடந்த இண்டிகார் கடைசிப் பந்தயத்தில் ஓ'வார்ட், ஹெர்ட்டா இருவருக்குமே ஹார்டிங் அணி வாய்ப்பு கொடுத்தது. முதல் பந்தயத்திலேயே ஓ'வார்ட் ஐந்தாவது இடத்திலிருந்து தொடங்கி ஒன்பதாவதாக முடித்தார். 2019-இல் இருவரும் முழு சீசன் ஓட்டுவார்கள் என்று, பெயர் மாறிய ஹார்டிங் ஸ்டெய்ன்பிரென்னர் அணி அறிவித்தது.

ஆனால் இரண்டு கார்களை ஓட்டத் தேவையான ஸ்பான்சர் பணம் சேரவில்லை. ஓ'வார்ட் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கப்பட்டார். ஹெர்ட்டா தங்கினார். அணியின் பங்குதாரர் ஜார்ஜ் ஸ்டெய்ன்பிரென்னர், இண்டி லைட்ஸ் காலத்திலிருந்தே ஹெர்ட்டாவின் பின்னால் நின்றவர். ஹெர்ட்டாவின் அப்பா பிரையனும் முன்னாள் இண்டிகார் டிரைவர்.

இதனால் ஹெர்ட்டாவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 2019 மார்ச் 24 அன்று, சீசனின் இரண்டாவது பந்தயத்திலேயே ஜெயித்தார். அப்போது வயது 18 ஆண்டு 359 நாள். இண்டிகார் வரலாற்றில் இளவயதில் ஜெயித்தவர் அவர்தான்.

ஓ'வார்ட் கார்லின் அணியில் பகுதிநேர வாய்ப்பு பிடித்தார். இண்டி 500-க்குத் தகுதி பெற முடியவில்லை. பிறகு ரெட் புல்லின் ஜூனியர் திட்டத்துக்குப் போய், அந்த ஆண்டு முடிவதற்குள் அங்கிருந்தும் வெளியே வந்தார். 2020-இல் மெக்லாரன் அணியில்தான் அவருக்கு முழு சீசன் கிடைத்தது. 2021-இல் முதல் வெற்றி. 2025-இல் இண்டிகார் புள்ளிப் பட்டியலில் இரண்டாமிடம்.

'எட்டு கார்தானே, அதில் ஜெயிச்சா பெரிய விஷயமா?'

நியாயமான சந்தேகம். இதைச் சரிபார்க்க ஒரு வழி, அந்த ஆண்டு மேலே வந்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்று பார்ப்பது. 2018-இல் மூன்று படிகளின் சாம்பியன்கள், அவர்களோடு ஹெர்ட்டா என நான்கு பேரை எடுத்துக்கொள்வோம்.

யுஎஸ்எஃப்2000-இல் 14 பந்தயங்களில் 12-ஐ ஜெயித்த கைல் கிர்க்வுட், 2023-இல் லாங் பீச்சில் இண்டிகார் வெற்றி பெற்றார். புரோ மஸ்டா சாம்பியனான நெதர்லாந்தின் ரினஸ் வீகே, 2021 மே மாதம் இண்டியானாபோலிஸ் சாலைத் தடத்தில் ஜெயித்தார். ஓ'வார்ட், ஹெர்ட்டா கதை மேலே பார்த்தோம். நான்குக்கு நான்கு.

ஒரே ஒரு ஆண்டை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனால் அந்த ஆண்டு ஏணி சரியான ஆட்களைத்தான் அடையாளம் காட்டியது. ஏணி முடிந்த இடத்துக்கும் மாடிக்கும் நடுவில்தான் இடைவெளி.

இது ஓ'வார்டுக்கு மட்டும் நடந்ததா?

இல்லை. 2017 சாம்பியன் கைல் கைசருக்குச் சில இண்டிகார் பந்தயங்கள்தான் கிடைத்தன. 2019 இண்டி 500 தகுதிச் சுற்றில், ஃபார்முலா 1-இல் இருமுறை உலக சாம்பியனான ஃபெர்னாண்டோ அலோன்சோவைப் பின்தள்ளி உள்ளே போனவர் இவர்தான். அதன் பிறகு இண்டிகாரில் அவர் ஓட்டவே இல்லை.

2022 சாம்பியன், ஸ்வீடனின் லீனஸ் லுன்ட்க்விஸ்ட். 14-இல் 5 வெற்றி. அந்த ஆண்டு உதவித்தொகை சுமார் 5 லட்சம் டாலராகக் குறைந்திருந்தது. 2023 தொடக்கத்தில் அவருக்கு இடம் இல்லை. இன்னொரு டிரைவருக்குப் பதிலாக 3 பந்தயங்கள் ஓட்டினார். 2024-இல் சிப் கனாசி அணியில் சேர்ந்து சிறந்த புதுமுகம் விருது வாங்கினார். அடுத்த ஆண்டு ஓர் அணிக்கு உறுதியான இடம் மூன்று கார்களுக்கு மட்டுமே என்ற விதி வந்தது. கனாசி ஐந்திலிருந்து மூன்றாகக் குறைத்தது. லுன்ட்க்விஸ்ட் வெளியே.

இப்போது நிலைமை மாறியிருக்கிறதா?

ஓரளவு. 2023-இல் இண்டி நெக்ஸ்ட் என்று பெயர் மாறிய தொடரில் இப்போது 20-ஐ ஒட்டி கார்கள் ஓடுகின்றன. 2024 சாம்பியன் லூயிஸ் ஃபாஸ்டருக்கு அடுத்த ஆண்டே முழு சீசன் கிடைத்தது. 2023 சாம்பியன் கிறிஸ்டியன் ராஸ்முஸன் பகுதிநேரமாகத் தொடங்கி, 2025-இல் மில்வாக்கியில் ஜெயித்தார்.

கீழே கூட்டம் கூடியது நல்லதுதான். ஆனால் மேலே காலியாகும் இடங்கள் அதே வேகத்தில் கூடவில்லை. போட்டி கூடக் கூட, கடைசியில் பணம் வைத்திருப்பவரின் கை ஓங்குவதற்கான வாய்ப்பும் கூடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஓ'வார்ட் திரும்பி வந்ததால்தான் 2018-இல் நடந்தது தவறு என்று நமக்குத் தெரிகிறது. கைசர் திரும்பி வரவில்லை. அவர் எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது. ஓட்டாத பந்தயத்துக்குப் புள்ளிவிவரம் கிடையாதே.

அதனால் அடுத்த முறை ஒரு ஜூனியர் தொடரில் சாம்பியன் பெயரை அறிவிக்கும்போது, பரிசுத்தொகையை மட்டும் பார்க்காதீர்கள். அந்தப் பணத்துக்கு மேலே எத்தனை பந்தயம் ஓட்ட முடியும், அந்த சீசனில் மொத்தம் எத்தனை பந்தயம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018-இல் அந்தக் கணக்கு 17-க்கு 3.