அரை அங்குலப் பிழை

பரீட்சை நெருங்கும் வேளையில், பிள்ளைகளுக்குப் படிக்க ஒரு தனி மூலை வேண்டும் என்பது எல்லா வீடுகளிலும் எழும் குரல். கூடத்தை இரண்டாக வகுக்கக் கல்லும் சீமெந்தும் வேண்டுவதில்லை. ஜிப்சம் பலகைச் சுவரே போதும். ஆயினும் மன்னார்த் தீவிலே அதனை எழுப்புமுன் சில செய்திகளை நாம் அறிந்திருத்தல் நன்று.

ஜிப்சம் நமக்கு அந்நியப் பொருளன்று. உப்பளத்திலே கடல்நீர் வற்றி ஏறத்தாழ ஐந்திலொரு பங்காகும்போது, உப்புக்கு முன்னரே படியத் தொடங்குவது அதுவே. நீர் பத்திலொரு பங்காகக் குறைந்த பின்னரே உப்பு படியும். ஜிப்சத்தின் எடையில் ஐந்திலொரு பங்கு நீராகையால், தீப்பற்றினால் அந்நீர் ஆவியாகி வெப்பத்தைச் சற்றுத் தடுக்கும். ஆயினும் ஈரத்தில் ஊறினால் பலகை நைந்துவிடும். ஆதலால் சோளகக் காற்று மோதும் வெளிச்சுவருக்கும் குளியலறைக்கும் சாதாரணப் பலகை ஆகாது. உள்ளறையிலும் தரையைத் தொடாமல் அரை அங்குலம் உயர்த்தியே பொருத்த வேண்டும்.

இந்த அரை அங்குலமே நம்மை ஒருமுறை ஏமாற்றியது. சட்டத்தில் பொருத்தியிருந்த சுவிச் பெட்டியின் உயரத்தைத் தரையிலிருந்து அளந்து, அதே அளவைப் பலகையின் அடிவிளிம்பிலிருந்து குறித்து வெட்டினோம். பலகையை உயர்த்தி நிறுத்தியதும், துளை பெட்டிக்கு மேலே அரை அங்குலம் தள்ளி நின்றது! அரை அங்குலத்தைக் கழிக்க மறந்தமையால் ஒரு பலகை வீணாயிற்று.

அளவை நம்பாதோர்க்கு வேறொரு வழி உண்டு. பெட்டியின் முன்விளிம்பில் கரித்தூளைத் தடவிப் பலகையை உரிய இடத்தில் அழுத்துக. பெட்டியின் உருவம் பலகையின் பின்புறத்தில் பதியும். அக்கோட்டின்மேல் கூர்முனைச் சிறு வாளால் பின்புறமிருந்தே அறுக்கலாம். பெட்டியைச் சுற்றி எட்டிலொரு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இராதபடி பார்த்துக்கொள்க. பெரிய இடைவெளி இருப்பின் சுவிச் தட்டு அதனை மூடாது. எறும்பும் உப்பீரமும் உள்ளே புகும்.

பலகை வீணானால் பணம் மட்டுமே போகும். உயிரைப் பறிக்கவல்லது திருகாணி. அரை அங்குலப் பலகையை மரச்சட்டத்தில் பொருத்த ஒன்றேகால் அங்குலத் திருகாணி வழக்கம். அது பலகையைக் கடந்து முக்கால் அங்குலம் மரத்துள் இறங்கும். வயர் சட்டத்தின் முகத்தருகே ஓடினால் திருகாணி அதனைத் துளைத்துவிடும். ஆகவே வயரைச் சட்டத்தின் நடுவே, முகத்திலிருந்து ஒன்றேகால் அங்குலமாவது உள்ளே செலுத்த வேண்டும். பலகையை மூடுமுன் வயர் செல்லும் பாதையைப் படமாக வரைந்து வைத்தல் பின்னாளில் ஆணி அடிப்பவரைக் காக்கும்.

நம் வீடுகளில் பாய்வது 230 வோல்ட் மின்சாரம். வெட்டுமுன் மெயின் சுவிச்சை அணைத்து, மின் இல்லை என்பதைச் சோதித்தறிக. 30 மில்லிஅம்பியர் கசிவிலேயே மின்னை நிறுத்தும் ட்ரிப் சுவிச் வீட்டில் இருத்தல் அவசியம். இணைப்பு வேலையைத் தகுதி பெற்ற மின் வேலையாளரிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

பலகை நிறுத்துவதை நாமே கற்கலாம். பிள்ளைகளையும் அளவுகோலுடன் அருகே நிறுத்தலாம். கழித்தற்கணக்கின் பயனைப் பாடநூலைவிட அச்சுவரே அவர்களுக்கு நன்கு உணர்த்தும்.