கடல் பார்த்த பாத்ரூம் சுவர்

திருவொற்றியூரில் கிழக்குப் பக்கம் பாத்ரூம் வைத்துக் கட்டியவர் யாரோ, அவர் நன்றாக இருக்கட்டும். ஐப்பசி பிறந்தால் கடற்காற்று மழையை வாரிக்கொண்டு வந்து நேரே அந்தச் சுவரில்தான் அறைகிறது. மழை இல்லாத மாதங்களில் உப்பு. ஷவர் பக்கத்தைப் புதுசாக்கலாமென்று பழைய டைல்ஸை உடைத்தால், பின்னால் பூச்சு முழுக்க ஓதம். வெள்ளை வெளேரென்று உப்பு பூத்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பூச்சு மாவாகக் கொட்டுகிறது. கெய்சர் தொங்கிய போல்ட் துருப்பிடித்து ஊசியாக இளைத்துவிட்டது.

வந்த மேஸ்திரிகள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல உள்ளே நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். "கவலைய வுடுங்க சார், ரெண்டு கோட்டு கெமிக்கல் அடிச்சு டைல்ஸ ஒட்டிட்டா கல்லு மாதிரி நிக்கும்." வெளியே போய்ச் சுவரைப் பார்க்க ஒருத்தருக்கும் கால் வரவில்லை. ஷவர் தண்ணீருக்கு உள்கோட்டிங் வேண்டியதுதான், மறுக்கவில்லை. டைல்ஸ் இடுக்கு எப்படியும் தண்ணீர் விடும். மூலைகளில் வலை ஒட்டி, ஆள் உயரத்துக்கு மேலே வரை பூசி, தரையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகுதான் டைல்ஸில் கை வைக்க வேண்டும். அதற்கே முகம் சுளிக்கிறார்கள்.

ஆனால் வெளியிலிருந்து ஊறி வருவதை உள்ளே பூசி எப்படி நிறுத்துவது? சுவர் நனைந்து நனைந்து காயும்போது, கரைந்த உப்பு பூச்சுக்குள் படிகமாகிப் பருக்கும். மேலே எதைப் பூசியிருந்தாலும் பெயர்த்துத் தள்ளிவிடும். அந்த உப்பும் காற்றில் வந்தது மட்டுமில்லை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடைத் தாண்டக்கூடாது என்பது ஐ.எஸ். 456 விதி. எங்கள் தெரு போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள். அதில்தான் கலவை, அதில்தான் க்யூரிங்.

இன்னொருவர் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொன்னார். பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக். சிமென்டோடு சேர்ந்தால் கால்சியம் குளோரைடு ஆகும். காற்றிலிருக்கும் ஈரத்தையே இழுத்துக் குடிக்கிற உப்பு அது! காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிக் கொட்டுவதுதான் வழி. மச்சான் ஒருவர் தன் பங்குக்கு, குளிர் தேசத்தில் சுவருக்குள் பஞ்சு அடைக்கிற வீடியோவை அனுப்பினார். அங்கே வீட்டுக்குள் இருக்கும் வெந்நீர் ஆவி குளிர்ந்த சுவரில் வேர்த்துவிடுமே என்று பயம். இங்கே அந்தப் பஞ்சை வைத்தால் உப்புத்தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

செய்ய வேண்டியது வெளியேதான்: பொரிந்த பூச்சைச் செங்கல் வரை கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, நல்ல தண்ணீரில் புதுப் பூச்சு, அதன்மேல் மழையை விடாத, உள் ஈரம் மட்டும் ஆவியாகப் போகிற பெயின்ட். வென்டிலேட்டர் அடிக்கட்டை வெளியே சரிந்திருக்க வேண்டும். எங்களுடையது உள்ளே சரிந்திருக்கிறது. மழைத்தண்ணீரை வரவேற்றுச் சுவருக்குள் அனுப்புகிறது.

இதற்கெல்லாம் சாரம் கட்ட வேண்டும். எங்கள் சுவருக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து, அதுவும் அவர்களுடையது. கெஞ்சிக் கூத்தாடிப் பக்கத்து வீட்டு அண்ணனைச் சம்மதிக்க வைத்தாயிற்று. ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: சாரம் கட்டுவதுதான் கட்டுகிறோமாம், அப்படியே அவர் சுவருக்கும் சேர்த்து அடித்துக் கொடுத்துவிட வேண்டுமாம்.