நாளைக்கு மழை வருமா?

1861 ஆகஸ்ட் 1. லண்டன் 'டைம்ஸ்' நாளேட்டில் ஒரு புதுமை: அடுத்த நாள் வானிலை எப்படியிருக்கும் என்று சில வரிகள். எழுதியவர் ஜோசியர் அல்ல. பிரிட்டிஷ் கடற்படையின் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிக்கொண்டு 1831 முதல் 1836 வரை உலகைச் சுற்றிவந்த 'பீகிள்' கப்பலின் கேப்டன் என்றால் பலருக்கும் தெரியும்.

பீகிளின் பொறுப்பு கைக்கு வந்தபோது அவருக்கு வயது 23. அதற்கு முந்தைய கேப்டன் தற்கொலை செய்துகொண்டிருந்தார். மறு ஆண்டே, 1829-ல், உருகுவே கடற்கரையருகே சூறாவளியில் கப்பல் சிக்கியது. இரண்டு மாலுமிகள் பலியானார்கள். காற்றழுத்தமானி முன்கூட்டியே எச்சரித்திருந்தும் தான் பொருட்படுத்தவில்லை என்பது அவரை வெகுகாலம் உறுத்தியது.

நியூஸிலாந்தின் கவர்னராக 1843-ல் போனார். நில விவகாரத்தில் மாவோரிகளின் உரிமைக்குக் காது கொடுத்ததால் வெள்ளைக் குடியேறிகள் கொதித்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பதவி போயிற்று.

1854-ல் கிடைத்த வானிலைத் துறை வேலை, புள்ளிவிவரம் சேகரிப்பது மட்டுமே. ஆனால் 1859 அக்டோபரில் வேல்ஸ் கரையருகே 'ராயல் சார்ட்டர்' கப்பல் உடைந்து சுமார் 450 பேர் மாண்டதும் அவர் சும்மா இருக்கவில்லை. கடலோர நிலையங்களிலிருந்து தந்தியில் தகவல் வாங்கி, புயல் வரும் என்று தோன்றினால் துறைமுகங்களுக்குத் திரும்பத் தந்தி. அங்கே கம்பத்தில் கூம்பும் உருளையும் ஏறும். நம் ஊர்த் துறைமுகங்களில் ஏற்றும் புயல் கூண்டின் முன்னோடி என்று சொல்லலாம்.

கணிப்பு பலித்த நாளில் யாரும் நன்றி சொல்லவில்லை. பொய்த்த நாளில் பத்திரிகைகள் கேலி செய்தன. இது விஞ்ஞானமே அல்ல என்றார்கள் அறிஞர்கள். உடல்நலமும் கெட்டது, கையிருப்பும் கரைந்தது. 1865 ஏப்ரல் 30 அன்று சவரக் கத்தியால் தன் உயிரைப் போக்கிக்கொண்டார். குடும்பத்துக்காகத் திரட்டிய நிதிக்கு டார்வின் 100 பவுண்டு கொடுத்தார்.

மறு ஆண்டு ஒரு விசாரணைக் குழு குறை சொல்ல, முன்னறிவிப்பும் எச்சரிக்கையும் நின்றன. கடலில் பிழைப்பவர்கள் விடவில்லை. அவர்கள் எழுப்பிய கூக்குரலில் 1867-ல் புயல் எச்சரிக்கை திரும்பியது; தினசரி முன்னறிவிப்புக்கு 1879 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எச்சரிக்கை பலித்து உயிர் தப்பியவர்களைக் கணக்கெடுக்க எந்தக் குழுவாலும் முடியாது. துறைமுகத்தில் நின்றவர்களுக்கு அந்தக் கணக்கு தெரிந்திருந்தது.

பிரிட்டிஷ் வானிலை அறிக்கையில் 2002 முதல் ஒரு கடல் பகுதிக்குப் பெயர்: ஃபிட்ஸ்ராய்.