மூட்டையும் முதுகும்

எனக்கு இடுப்பில் வட்டு பிதுங்கி வலி கால்வரை இழுத்தபோது, உடனே ஆபரேஷன் என்றார் ஒரு டாக்டர். இன்னொருவரைக் கேட்டேன், பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும் என்றார். தணிந்தது.

என் கிட்டங்கிச் சுமைதூக்குபவர் கதை வேறு. பாதம் தொங்கியும், கூலி போய்விடுமென்று மறைத்தார். கால் வலுவிழந்தாலும் சிறுநீர் அடைத்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறுவை சிகிச்சை அப்போதுதான் அவசரம். காலம் கடந்து செய்ததால் அவர் பாதம் முழுதாகத் திரும்பவில்லை. அவர் முதுகில் நூறு கிலோ மூட்டை ஏற்றியவன் நான்தான்.

ஓர் ஆளுக்கு 55 கிலோவே உச்சமென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. 2022இல், லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிச் சிப்பத்துக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ சிப்பம் கட்டியவர்கள் நாம். வரிக்காக மாற்றிய எடையை ஆளுக்காகவும் மாற்றலாம். 50 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டை இறக்குவதில்லை என்று வரும் பொதுக்குழுவில் தீர்மானம் போட வேண்டும். சாக்குச் செலவு கூடும், கூடட்டும்.